செயலாளர் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

இவ்வாண்டு நம் குடியிருப்போர் சங்கச் செயற்குழு பன்னிரண்டு முறை கூடியது. ஏழு கூட்டங்கள் பூங்காப் பேச்சிலேயே கழிந்தன. கழிவுநீர், தெருவிளக்கு தொடர்பான கடிதங்கள் கோப்பில் உள்ளன.

2024 மே 4 அன்று கத்திரி பிறந்தது. அந்த வாரம் பிற்பகல் மூன்று மணிக்கு நாங்கள் சிலர் பூங்காவைச் சுற்றி வந்தோம். புங்க மரத்தடி சிமெண்ட் பெஞ்சில் உட்கார முடிந்தது. பத்தடி தள்ளி வெயிலில் கிடந்த பெஞ்சில் கைகூட வைக்க முடியவில்லை. இரண்டு இடத்திலும் வீசிய காற்று ஏறக்குறைய ஒரே சூடுதான். ஆளை வாட்டுவது நேர் வெயிலும், வெயிலைக் குடித்த தரையும் சுவரும் கக்கும் அனலும். அடர்ந்த மரம் இரண்டையும் மறைக்கிறது. சென்னையின் புழுக்கத்தில் நிழல் மட்டும் போதாது, வியர்வை காயக் காற்றும் வேண்டும். கடற்காற்று நுழையும் கிழக்குக் கம்பிவேலியை மறைத்திருந்த விளம்பரத் தட்டியை, இரண்டு மாத அலைச்சலுக்குப் பின் எடுக்க வைத்தோம்.

பூங்காவின் பூட்டுதான் பெரிய பாடு. காலை பத்து மணிக்குப் பூட்டி மாலை நான்குக்குத்தான் திறந்தார்கள். உச்சி வெயிலில் தள்ளுவண்டிக்காரர்களும் தூய்மைப் பணியாளர்களும் மதிலோரம் ஒரு முழ நிழலில் ஒண்டி நின்றனர். மூன்று மனுக்களுக்குப் பிறகு, காவலாளி சம்பளத்தில் ஒரு பகுதியைச் சங்கம் ஏற்பதாகச் சொன்னதும் பூட்டு திறந்தது. ‘கண்டவர்களும் வந்து தூங்குவார்கள்’ என்று நம் குழுவிலேயே எதிர்ப்பு இருந்தது. தூங்கத்தான் செய்தார்கள். காணாமல் போனது ஒரு தண்ணீர்க் குழாய். அதுவும் தோட்டக்காரர் அறையிலேயே கிடைத்தது.

2016 டிசம்பரில் வர்தா புயல் சாய்த்த மரங்களின் இடத்தில் புல்தரையும் பேவர் பிளாக்கும் வந்திருந்தன. புல் சற்றுக் குளிர்விக்கும், ஆனால் தலைக்கு மேல் ஒன்றுமில்லை. பேவர் பிளாக்கோ பகலில் வாங்கிய சூட்டை இரவு எட்டு மணிக்கும் நடப்பவர் காலில் இறக்குகிறது. ஒரு வரிசையைப் பெயர்த்துப் புங்கையும் பூவரசும் வேம்புமாகப் பதினான்கு கன்றுகள் நட்டோம். ஒன்பது தேறின. ஆடு மேய்ந்தவை மூன்று. மற்ற இரண்டுக்குத் தண்ணீர் ஊற்ற யார் முறை என்பதில் இன்றும் வழக்கு.

குழந்தைகளின் இரும்புச் சறுக்குமரம் இன்னும் வெயிலில்தான் நிற்கிறது. அதற்குப் பந்தல் போடுவதா, புங்க மரத்தடிக்கு மாற்றுவதா என்று இன்றைய பொதுக்குழு முடிவு செய்ய வேண்டுகிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்