இணையத் தேர்வின் உறுதிமொழி: தேர்வுத் துறைப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தேர்வுத் துறைப் பொறுப்பாளர்களுக்கும் கல்விக் குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இணையவழித் தேர்வு நடத்தும் ஆசிரியர்களில் நானும் ஒருத்தி. கடந்த பருவத் தேர்வு முடிந்த அன்று இரவு ஒரு மாணவியிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. "மேடம், நாலாவது கேள்வியின் வாக்கியம் எனக்குப் புரியவில்லை. அக்காவிடம் அதற்கு மட்டும் அர்த்தம் கேட்டேன். விடையை நானேதான் எழுதினேன். ஆனால் உறுதிமொழியில் டிக் செய்திருக்கிறேன். நான் செய்தது தப்பா?"

என்னால் உடனே பதில் எழுத முடியவில்லை. தேர்வு தொடங்கும் முன் மாணவர்கள் டிக் செய்ய வேண்டிய அந்த உறுதிமொழியை எடுத்து மறுபடி படித்துப் பார்த்தேன். 'அங்கீகரிக்கப்படாத எந்த உதவியையும் பெற மாட்டேன்' என்று இருந்தது. எது அங்கீகரிக்கப்பட்ட உதவி என்று அந்தப் பக்கத்தில் எங்கேயும் இல்லை. வினாத்தாளிலும் இல்லை. வகுப்பில் நானும் சொல்லியிருக்கவில்லை. பாடக்குறிப்பைப் புரட்டலாமா, கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாமா, ஒரு சொல்லுக்கு அகராதி பார்க்கலாமா, சாட்ஜிபிடியிடம் கேள்வியை விளக்கச் சொல்லலாமா? எதற்கும் அந்த வாசகத்தில் விடை கிடையாது. தெளிவில்லாத ஒரு சொல்லுக்குப் பிள்ளைகளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறோம்.

அப்புறம் தேர்வுத் தளத்தின் பதிவுகளைப் பார்த்தேன். நிதானமாகப் படித்தால் ஒரு நிமிடமாவது பிடிக்கும் அந்தப் பக்கத்தைப் பெரும்பாலோர் சில நொடிகளில் தாண்டியிருந்தார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. செயலிகளின் விதிமுறைப் பக்கங்களில் நாம் எல்லோரும் செய்வதைத்தான் அவர்களும் செய்தார்கள். அந்த வாசகத்தைப் படித்து, மனதில் வைத்து, அதற்காக இரவில் தூக்கம் கெட்டவள் அந்த ஒரு பெண். நாம் வைத்திருக்கும் முறை நேர்மையானவளைத்தான் வதைத்தது. இந்த மடலை நான் எழுத உட்கார்ந்தது அதனால்தான்.

உறுதிமொழியே வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அது வேண்டும். ஆனால் ஒரு வாக்காக வேண்டும். வாக்கு என்றால் கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். இப்போது இருக்கும் டிக் கட்டத்தில் வாங்குபவர் யார் என்றே தெரியவில்லை.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அமெரிக்காவின் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் 1893-இல் கௌரவ நெறி (honor code) வந்தபோது அதைக் கேட்டு முன்வந்தவர்கள் மாணவர்கள். காப்பியடிக்க மாட்டோம் என்று அவர்கள் வாக்குக் கொடுத்தார்கள். பதிலுக்கு, தேர்வு அறையில் நின்று கண்காணிப்பதை ஆசிரியர்கள் விட்டார்கள். புகார் வந்தால் விசாரித்ததும் மாணவர் குழுதான். அதாவது அது ஒரு கொடுக்கல் வாங்கல். நாம் அதிலிருந்து மாணவர் சொல்ல வேண்டிய வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டோம். நம் பங்கை விட்டுவிட்டோம்.

கௌரவ நெறி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொல்ல மாட்டேன். பொய் சொல்லாதே, ஏமாற்றாதே, திருடாதே, அப்படிச் செய்பவரைப் பொறுத்துக்கொள்ளாதே என்பதை அடிப்படை நெறியாகக் கொண்டது அமெரிக்காவின் வெஸ்ட் பாயிண்ட் ராணுவக் கல்லூரி. 2020 மே மாதம் தொலைவழியில் நடந்த கணிதத் தேர்வில் அங்கே 73 மாணவர்கள் சிக்கினார்கள். பலருடைய விடைத்தாள்களில் ஒரே தவறு ஒரே இடத்தில் இருந்ததுதான் காட்டிக்கொடுத்தது. நூறாண்டுக்கு மேல் நெறியோடு வாழ்ந்த வளாகத்திலேயே, ஆளுக்கொரு அறையில் தனியாகத் திரை முன்னால் உட்கார்ந்தபோது இது நடந்திருக்கிறது என்றால், நம் டிக் கட்டத்தை நம்பி நாம் நிம்மதியாக இருக்க முடியாது.

தேர்வு தொடங்கும் முன்பே கையெழுத்து வாங்கினால் நேர்மை கூடும் என்று ஆராய்ச்சி சொல்கிறதே என உங்களில் சிலர் கேட்கலாம். 2012-இல் அப்படி ஒரு கட்டுரை வந்தது உண்மை. படிவத்தின் கடைசியில் போடும் கையெழுத்தை முதலிலேயே போடச் செய்தால் பொய் குறையும் என்றது அது. அதை நம்பிப் பலர் படிவங்களையே மாற்றினார்கள். 2020-இல் அதே ஆய்வாளர்கள் இன்னும் பெரிய அளவில் செய்து பார்த்தபோது அந்த விளைவு வரவில்லை. மறு ஆண்டு, அதில் இருந்த கார் காப்பீட்டுத் தரவு புனையப்பட்டது என்பதற்கு வலுவான சான்றுகள் வெளிவந்து, கட்டுரையே திரும்பப் பெறப்பட்டது. அறநெறிகளை நினைவூட்டினாலே ஏமாற்றுவது குறையும் என்ற 2008 ஆய்வையும் பல ஆய்வுக்கூடங்கள் சேர்ந்து 2018-இல் மறுபடி சோதித்தன. அதுவும் நிற்கவில்லை. ஆகவே வாசகத்தை மேலே வைப்பதா கீழே வைப்பதா என்ற விவாதத்தில் இனி நேரம் செலவழிக்க வேண்டாம்.

எனக்கு முக்கியமாகப் படுவது 2011-இல் வந்த ஒரு சின்ன ஆய்வு. முழுக்க இணையத்தில் நடந்த ஒரு பாடத்தில், உறுதிமொழியில் கையெழுத்திட்டவர்களுக்கும் இடாதவர்களுக்கும் முறைகேட்டில் வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் நேர் வகுப்பும் இணையத் தேர்வும் கலந்த பாடத்தில், கையெழுத்திட்டவர்களிடம் முறைகேடு குறைந்தது. ஏன் என்பதை அந்த ஒரு ஆய்வை வைத்து முடிவாகச் சொல்லிவிட முடியாது. என் அனுபவத்தில் எனக்குத் தோன்றுவது இதுதான்: முகம் தெரிந்தவருக்குக் கொடுத்த வாக்கை மீறுவது கஷ்டம். இணையப் படிப்புகளில் நடந்த 2015 ஆய்வு ஒன்றில், பொதுவான கௌரவ வாசகத்தைவிட, மீறினால் என்ன நடக்கும் என்று நேராகச் சொன்ன எச்சரிக்கை அதிகம் வேலை செய்தது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். தெளிவாகச் சொல்வது மாணவரை மதிப்பதுதான்.

இப்போது கேமராவுக்கு வருகிறேன். 'உங்கள் நேர்மையை நம்புகிறோம்' என்று முதல் திரை சொல்கிறது. அடுத்த திரை கேமராவை இயக்கச் சொல்லி, அறையைச் சுற்றிக் காட்டச் சொல்லி, கண் அசைவைக் கணக்கெடுக்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் கேட்கிற மாணவர் எதை நம்புவார்? கண்காணிப்பு தேவை என்று நீங்கள் முடிவு செய்தால் செய்யுங்கள். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம்கூட 1921 முதல் காத்துவந்த முறையில், மேற்பார்வையைச் சோதித்துப் பார்க்க 2023-இல் வழி திறந்தது. ஆனால் அதைக் கண்காணிப்பு என்றே சொல்லுங்கள். நம்பிக்கை என்ற பெயரில் செய்யாதீர்கள்.

கண்காணிப்பு மென்பொருள் ஒரு சிவப்புக் கொடி காட்டியதும் அதையே தீர்ப்பாக எடுத்துக்கொள்வது இன்னும் ஆபத்தானது. மங்கலான வெளிச்சத்தில் முகத்தைக் காணவில்லை என்கிறது. கருத்த தோல் உள்ளவர்களின் முகத்தைச் சரியாகக் கண்டுகொள்வதில்லை என்ற புகார்களும் பல இடங்களில் எழுந்திருக்கின்றன. 2021-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் மருத்துவப் பள்ளி 17 மாணவர்கள் மேல் குற்றம் சாட்டியது. தேர்வு நேரத்தில் பாடத்தளத்தைத் திறந்தார்கள் என்பதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது தளத்தின் பதிவு. ஆள் தொடாமலே தளம் தானாகப் பக்கங்களைப் புதுப்பித்து அப்படிப் பதிவு செய்யும் என்று தெரியவந்தது. கடைசியில் குற்றச்சாட்டுகள் அத்தனையும் கைவிடப்பட்டன. இடைப்பட்ட மாதங்களில் அந்தப் பிள்ளைகள் பட்ட பாட்டை யார் திருப்பித் தர முடியும்?

சரி, என்ன செய்யலாம்?

ஒரே வாசகத்தை எல்லாத் தேர்வுக்கும் ஒட்டுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தாளுக்கும் வினா எழுதிய ஆசிரியரே, எது கூடும் எது கூடாது என்று எளிய மொழியில் எழுதட்டும். தேர்வுக்கு ஒரு வாரம் முன்பே அதை வகுப்பில் வாசித்து, மாணவர்கள் சந்தேகம் கேட்க இடம் கொடுப்போம். தேர்வன்று கட்டத்தில் டிக் செய்வதற்குப் பதில், ஒரு வரியை அவர்களே தட்டச்சு செய்யட்டும். தேடினால் ஒரு நொடியில் விடை கிடைக்கிற கேள்விகளை நாமும் குறைப்போம். தாள் சுமக்க வேண்டிய பாரத்தை உறுதிமொழியின் தலையில் ஏற்றக்கூடாது.

தேர்வின் கடைசிப் பக்கத்தில் ஒரு வெற்றுப் பெட்டியும் வேண்டும். 'நான் இன்ன உதவி பெற்றேன்' என்று தானாக முன்வந்து சொல்ல ஓர் இடம். சொன்னவருக்கு அதிகபட்சம் அந்தக் கேள்வியின் மதிப்பெண் போகட்டும், படிப்பே போகக்கூடாது. தவறை ஒப்புக்கொள்பவருக்கு வெஸ்ட் பாயிண்டில் அப்படி ஒரு வழி இருந்தது. 2021-இல் அதைக் கைவிட்டார்கள். ராணுவத்துக்கு அது சரியாக இருக்கலாம். கற்றுக்கொள்ள வந்தவருக்கு, உண்மையைச் சொல்லத் திரும்பி வரும் கதவு திறந்தே இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். அந்தப் பெட்டி இருந்திருந்தால் என் மாணவி ராத்திரி முழுக்க விழித்திருக்க மாட்டாள். அவளுக்கு மறுநாள் நான் எழுதிய பதில்: "தப்பு உன்னுடையது இல்லை. விதியைத் தெளிவாகச் சொல்லாத எங்களுடையது."

அடுத்த தேர்வில் என் தாளுக்கு நான் வைக்க விரும்பும் வாசகத்தைக் கீழே தருகிறேன். திருத்தங்களோடு திருப்பி அனுப்புங்கள்.

"இந்தத் தேர்வில் பாடநூலும் கைக்குறிப்பும் பார்க்கலாம். இன்னொருவரிடமோ செயற்கை நுண்ணறிவுக் கருவியிடமோ விடை கேட்கக் கூடாது. கேள்வி புரியாவிட்டால் ஆசிரியரை அழைக்கலாம். தேர்வு முடியும்வரை அழைப்பை எடுக்க நான் இருப்பேன். மீறினால் இந்தத் தாள் ரத்தாகும். உன்னிடம் நேரில் கேட்காமல், ஒரு மென்பொருளின் பேச்சை மட்டும் நம்பி, உன்மேல் குற்றம் சாட்ட மாட்டேன். இது என் வாக்கு. உன் வாக்கைக் கீழே எழுது."

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை