பேச்சுவழக்கு வேறு, பிழை வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரிட்டனுக்கு வேலைக்கு வரும் செவிலியர்களுக்காகச் சென்ற வாரம் வெளியிட்ட கட்டுரை பயனுள்ளது. ஆனால், 'வட இங்கிலாந்தில் கொச்சையாகப் பேசுவார்கள், கண்டுகொள்ள வேண்டாம்' என்ற வரியை என்னால் ஏற்க முடியவில்லை. யார்க்‌ஷரின் பார்ன்ஸ்லி நகரில் ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியராக இருக்கிறேன். கண்டுகொள்ளாமல் இங்கே ஒரு நாள்கூட வேலை பார்க்க முடியாது.

பாடப்புத்தக ஆங்கிலத்தில் 'ஸ்டார்வ்ட்' என்றால் பட்டினி; எங்கள் இல்லத்துப் பாட்டி ஒருவர் அதைச் சொன்னால் அவருக்குக் குளிர்கிறது என்று அர்த்தம். சாப்பாட்டைக் கொண்டுபோனால் முகத்தைத் திருப்பிக்கொள்வார், போர்வையைத்தான் கொடுக்க வேண்டும். 'பேட்லி' என்றால் உடம்பு சரியில்லை. 'ஸ்பைஸ்' கேட்டால் மிட்டாய் கேட்கிறார். மதியச் சாப்பாடு 'டின்னர்', மாலைச் சாப்பாடு 'டீ'. சாப்பாட்டு நேரம் பார்த்து இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது சின்ன விஷயமா? 'நைன் வைல் ஃபைவ்' என்றால் ஒன்பதிலிருந்து ஐந்து வரை.

இதையெல்லாம் கொச்சை என்று ஒதுக்குவது அநியாயம். 'வரை' என்ற பொருளில் 'வைல்' ஷேக்ஸ்பியரின் மேக்பெத் நாடகத்திலேயே வருகிறது. பிராட்ஃபோர்டு பக்கம் பிறந்த ஜோசப் ரைட், சிறுவயதிலேயே ஆலை வேலைக்குப் போய், 15 வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றவர். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானார். அவர்தான் இந்த வட்டாரச் சொற்களை 1898 முதல் 1905 வரை ஆறு தொகுதி அகராதியாகக் கொண்டுவந்தார். லீட்ஸ் பல்கலைக்கழகத்தார் 1950-களில் தொடங்கி 313 ஊர்களுக்குப் போய், வயதானவர்களிடம் உட்கார்ந்து கேட்டுக் குறித்தார்கள். பிழை என்று நினைத்திருந்தால் இவ்வளவு பாடுபட்டிருப்பார்களா?

அப்புறம், அதே பாட்டி சொற்களை மாற்றிப் போடுவதும் உண்டு. காலில் நரம்பு புடைத்துக்கொள்ளும் 'வேரிகோஸ் வெயின்ஸ்' அவர் வாயில் 'வெரி க்ளோஸ் வெயின்ஸ்' ஆகிவிடும். "பார், எவ்வளவு நெருக்கமாக ஓடுகிறது" என்று காலை நீட்டிக் காட்டுவார். தன் கணவர் அமோனியாவில் இறந்தார் என்பார். புதிதாகச் சேர்ந்த ஒரு பெண், கணவர் தொழிற்சாலையில் விஷவாயு தாக்கி இறந்ததாகவே குறிப்பேட்டில் எழுதிவிட்டாள். மகள் வந்து சொன்ன பிறகுதான் அது நிமோனியா என்று தெரிந்தது. இது யார்க்‌ஷர் வழக்கே கிடையாது. பார்ன்ஸ்லியில் வேறு யாரும் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

பிரித்தறிய எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பக்கத்து அறைத் தாத்தாவும், துப்புரவுக்கு வரும் அம்மாவும் அதே சொல்லைச் சொன்னால் அது ஊர்ப்பேச்சு, நாம்தான் கற்றுக்கொள்ள வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னால், இரவுப் பணிக்கு வருகிறவருக்கும் புரியும்படி அவருடைய கோப்பில் எழுதிவைக்க வேண்டும். முகத்துக்கு நேரே திருத்தவே கூடாது. ஒரு தடவை எல்லார் முன்னாலும் ஒருத்தி திருத்தப்போய், பாட்டி அன்று முழுக்க வாய் திறக்கவில்லை. வலிக்கிறது என்றுகூடச் சொல்லவில்லை. எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

ஐஇஎல்டிஎஸ், ஓஇடி ஆங்கிலத் தேர்வுகளில் நல்ல மதிப்பெண் வாங்கி வரும் பெண்களே முதல் சில வாரங்கள் திணறுகிறார்கள். பயிற்சி மையங்கள் வட இங்கிலாந்து முதியவர்களின் பேச்சுப் பதிவுகளையும் மாணவிகளுக்குப் போட்டுக்காட்ட வேண்டும். போகிற ஊரைப் பொறுத்துப் பட்டியலும் மாறும். நியூகாசிலுக்குப் போகிறவருக்கு 'பேர்ன்' என்றால் குழந்தை என்று தெரிந்திருக்க வேண்டும். இங்கே 'பிரெட்கேக்' எனப்படும் பன், நாட்டிங்ஹாமில் 'காப்'. அந்தந்த ஊர்களில் வேலை செய்யும் நம் செவிலியர்களிடம் கேட்டு, உங்கள் பக்கத்திலேயே இப்படி ஒரு பட்டியல் வெளியிட்டால் நன்றாக இருக்கும். பார்ன்ஸ்லிச் சொற்களை நான் எழுதித் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர்,
பார்ன்ஸ்லி, இங்கிலாந்து