தபால் பையின் கழுத்தை யாராவது தொட்டுப் பார்க்கிறார்களா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2025-இல் பதிவுத் தபால் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்க்கப்பட்டதிலிருந்து, அதை நினைத்து உருகி எழுதாதவர்கள் குறைவு. வேலை உத்தரவு வந்தது, வக்கீல் நோட்டீஸ் வந்தது, கையெழுத்துப் போட்டு வாங்கியது என்று எத்தனையோ நினைவுகள். எல்லாம் சரி. அந்தக் கடிதங்கள் ஊர் விட்டு ஊர் வந்த பையைப் பற்றி மட்டும் ஒருவரும் ஒரு வரி எழுதவில்லை. 1981-இல் திருச்சியில் ஆர்.எம்.எஸ். என்கிற ரயில்வே தபால் பிரிவில் சார்ட்டராக, அதாவது தபால் பிரிப்பவராக, சேர்ந்து 38 வருடம் பை கட்டியவன், பை அவிழ்த்தவன் என்ற முறையில் நான் எழுதுகிறேன்.

ஓடும் ரயிலில் தபால் பிரிக்கும் வேலை இந்த நாட்டில் 1863-இல் அலகாபாத்துக்கும் கான்பூருக்கும் இடையே தொடங்கியது. நாங்கள் அதன் கடைசி வாரிசுகள். வேலைக்குச் சேர்ந்தால் முதலில் ஊர்ப் பெயர்களையும் எந்த ஊருக்கு எந்தப் பை என்பதையும் மனப்பாடம் செய்ய வேண்டும். அதற்கு அடுத்தது பை கட்டுவது. வெளியிலிருந்து பார்த்தால் சாக்கு கட்டுகிற மாதிரிதான் இருக்கும். கான்வாஸ் பையின் வாயை விசிறி மடிப்பாக ஒரே பக்கம் சேர்த்துப் பிடித்து, ட்வைன் நூலை இரண்டு சுற்றுச் சுற்றி, முழங்காலைப் பையின் மேல் ஊன்றி இழுக்க வேண்டும். லேபிளைக் கோத்து முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சின் மேல் அரக்கை உருக்கி விட்டு, பித்தளை முத்திரையை அழுத்த வேண்டும். முத்திரையை முதலில் ஈரப்படுத்திக்கொள்ள மறந்தால் அரக்கு அதிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிடும். மெழுகுவர்த்தி அணையாமல் இருக்க ஃபேனை நிறுத்திவிடுவோம். மே மாதத்தில் விருத்தாசலம் தாண்டி விழுப்புரம் வருவதற்குள் பனியனைப் பிழிந்து காயப்போடலாம். வலது கைக் கட்டைவிரலில் அரக்குச் சுட்ட தழும்பு இல்லாத சார்ட்டரை நான் பார்த்ததில்லை.

பையை அவிழ்ப்பதற்கும் முறை உண்டு. நூலை ஒரே இடத்தில்தான் வெட்ட வேண்டும். முடிச்சும் முத்திரையும் லேபிளும் சேதமில்லாமல் ஒரே துண்டாக வர வேண்டும். உள்ளே இருப்பதைப் பட்டியலோடு ஒத்துப்பார்த்து முடிக்கும்வரை அந்தத் துண்டைத் தூக்கி எறியக் கூடாது. ஒன்று குறைந்தாலும் அதுதான் சாட்சி.

சேர்ந்து இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். ஒரு ராத்திரி, ஒரு ஊரிலிருந்து வந்த பையை நான் அவிழ்த்தேன். எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். முத்திரை பளிச்சென்று இருந்தது, எழுத்துக்கூடத் தேயவில்லை. உள்ளே பதிவுத் தபால் பட்டியலில் பதினொன்று, கையில் பத்து. எங்கள் செட்டில், அதாவது கூட வேலை பார்த்த குழுவில், மூத்தவரைக் கூப்பிட்டேன். அவர் பட்டியலைப் பார்க்கவே இல்லை. "தம்பி, முத்திரையப் பாத்தே. கழுத்தப் பாத்தியா?" என்று கேட்டுவிட்டு, நான் வெட்டிய நூலை மறுபடி வளையமாகப் பிடித்துப் பையின் கழுத்தில் மாட்டிக் காட்டினார். வளையம் தாராளமாக மேலே ஏறி வாய் வழியே கழன்று வந்தது. அனுப்பிய இடத்தில் மடிப்பை இறுக்காமல் முடிச்சுப் போட்டு, அந்த முடிச்சுக்கு அழகாக அரக்கும் வைத்திருக்கிறார்கள். வளையத்தைக் கழற்றி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, திரும்ப மாட்டிவிட்டால் முத்திரை அப்படியே இருக்கும்.

பிழை அறிக்கை போனது, விசாரணை வந்தது. அந்தப் பையைச் சுமந்துவந்து வண்டியில் ஏற்றியவர் மேல் எல்லோருக்கும் சந்தேகம். யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அவர் எங்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். பத்தொன்பது நாள் கழித்து அந்தக் கடிதம் கிடைத்தது. அனுப்பிய ஆபீஸிலேயே, சார்ட்டிங் பெட்டிக்கும் சுவருக்கும் நடுவில் விழுந்து கிடந்திருக்கிறது. பைக்குள் அது ஏறவே இல்லை! கட்டு ஒழுங்காக இருந்திருந்தால் அன்று ராத்திரியே, "இது வழியில் தொலையவில்லை, அங்கேயே தேடுங்கள்" என்று சொல்லியிருப்போம். அந்த மனிதருக்கும் பத்தொன்பது நாள் தனியாகச் சாப்பிடும் கொடுமை இருந்திருக்காது.

கொள்ளையடிக்க வருகிறவனை எந்தக் கட்டும் தடுக்காது. 1963-இல் இங்கிலாந்தில் தபால் ரயிலை நிறுத்தி 120 மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு போனார்களே, அவர்களிடம் எந்த முடிச்சு என்ன செய்திருக்கும்? பையை இடையில் யாராவது திறந்தார்களா இல்லையா என்று சொல்வதுதான் கட்டின் வேலை.

நான் அரக்குக்காக வக்காலத்து வாங்க வரவில்லை. அரக்கு பொடிப்பொடியாக உடையும். நடைமேடையில் பையைத் தொப்பென்று போட்டாலே பாதி முத்திரை போய்விடும், அப்புறம் அது திருட்டா விபத்தா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். சரக்கு வேகன் கதவில் தொங்குகிற ஈய முத்திரை உடையாது, ஆனால் அதைக் கிடுக்கியால் நசுக்குகிறவர் சோம்பேறியாக இருந்தால் கம்பி நழுவி வந்துவிடும். பிளாஸ்டிக் முத்திரை இரண்டையும்விட மேல். வாலைத் தலைக்குள் விட்டு இழுத்தால் உள்ளே இருக்கும் பல் பிடித்துக்கொள்ளும். முன்னால்தான் போகும், பின்னால் வராது. ஒயர் கட்டும் டை மாதிரிதான், ஆனால் ஒவ்வொன்றுக்கும் தனி எண் உண்டு. நெருப்பு வேண்டாம், விரலும் சுடாது.

ஆனால் முழங்காலை ஊன்றி இழுக்கிற பழக்கமும் அரக்கோடு போய்விட்டதோ என்று எனக்குச் சந்தேகம். போன மாதம் பேத்தியை வழியனுப்பப் போன இடத்தில், நடைமேடையில் தபால் பைகள் கிடந்தன. பழைய புத்தி, குனிந்து பார்த்தேன். ஒரு பையில் முத்திரை பூட்டியிருந்தது, எண் தெளிவாக இருந்தது, கழுத்தோ என் கை முஷ்டி நுழையும் அளவுக்குத் தளர்வாக இருந்தது. வால் பாதிதான் இழுக்கப்பட்டிருந்தது. வந்து எடுத்த பையன் லேபிளின் பார்கோடை ஸ்கேன் செய்தான், தூக்கிப் போட்டான், போய்விட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன், அவனுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆனால் பார்கோடு சொல்வது பை வந்து சேர்ந்தது என்பதை மட்டும்தானே?

தேர்தலில் வாக்குப்பதிவு எந்திரத்துக்குப் பச்சைத் தாள் முத்திரை வைக்கும்போது, பூத் ஏஜெண்டுகள் அதன் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்வார்கள். எண்ணும் நாளில் அதே எண்தானா என்று பார்ப்பார்கள். அந்த அக்கறையில் கால்வாசி போதும் தபால் பைக்கு. முத்திரை எண்ணை அனுப்புகிறவர் பட்டியலில் எழுத வேண்டும், வாங்குகிறவர் வாய்விட்டுப் படித்து ஒத்துப்பார்க்க வேண்டும். வெட்டிய முத்திரையைச் சரிபார்த்து முடிக்கும்வரை மேஜையிலேயே வைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, இது பை தைக்கிறவர்களுக்கு. வாயிலிருந்து ஒரு சாண் கீழே துணியில் எதிரெதிராக இரண்டு பித்தளைக் கண் வைத்துவிடுங்கள். முத்திரையின் வால் கழுத்தைச் சுற்றுவதோடு நிற்காமல் அந்தக் கண்கள் வழியாகத் துணியைத் துளைத்துப் போனால், கொஞ்சம் தளர்ந்தாலும் வளையம் மேலே ஏறிக் கழலாது. ஒரு பைக்கு அதற்கு என்ன பெரிய செலவு ஆகிவிடப் போகிறது?

அதுவரைக்கும், பையை வாங்குகிற தம்பிகள் ஸ்கேன் செய்வதற்கு முன்னால் முத்திரைக்குக் கீழே இரண்டு விரலை விட்டுப் பார்க்கட்டும். விரல் நுழைந்தால் அந்தப் பையை அங்கேயே, கொண்டுவந்தவர் எதிரிலேயே திறந்து எண்ணச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆர்.எம்.எஸ். சார்ட்டர்,
ஸ்ரீரங்கம்.