பிக்கப் பெட்டியில் ஹென்றியையும் அச்சிடுங்கள்

எலக்ட்ரிக் கிட்டாருக்கு மாற்று பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்குறியாக்கும் உறுப்பு) தயாரிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றைத் தருவித்து இங்கே விற்பவர்களுக்கும்,

வணக்கம். நான் எலக்ட்ரிக் கிட்டார்களைப் பழுதுபார்ப்பவன். என் மேசைக்கு வருகிறவர்கள் சொல்லும் குறைகளில் ஒன்று திரும்பத் திரும்ப வருகிறது. "பிரிட்ஜ் பிக்கப்புக்கு மாத்தினா சவுண்டு காதைக் குத்துதுண்ணா. கொஞ்சம் இதமா கேக்கற மாதிரி வேற பிக்கப் போட்டுக் குடுங்க." கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம் இருப்பது பிரிட்ஜ் பிக்கப், கழுத்துப் பக்கம் இருப்பது நெக் பிக்கப். பெரும்பாலும் ஸ்ட்ராட்டோகாஸ்டர் அல்லது டெலிகாஸ்டர் வகைக் கிட்டார். எதை வாங்குவது என்பதையும் முடிவு செய்துவிட்டுத்தான் வருவார்கள். போனில் உங்கள் விவரத் தாளைத் திறந்து, அதில் ஒரே ஓர் எண்ணைக் காட்டுவார்கள். மின்தடை, கிலோ ஓம் கணக்கில். "இப்ப இருக்கறது 6, இது 16. அப்போ இதுதானே வார்மா இருக்கும்?"

அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு பிக்கப்பை இன்னொன்றோடு ஒப்பிட உங்களில் பெரும்பாலோர் கொடுத்திருக்கும் எண் அது ஒன்றுதான். பக்கத்திலேயே பேஸ் 6, மிட் 7, ட்ரெபிள் 5 என்று சிலர் மதிப்பெண் போடுகிறீர்கள். ஆனால் ஒருவர் போடும் 5-க்கும் மற்றவர் போடும் 5-க்கும் சம்பந்தமில்லை. ஆகவே வாங்குபவர் ஓமைப் பிடித்துக்கொள்கிறார். அவர் கேட்கிற கேள்விக்கு ஓமில் பதில் இல்லை. சட்டை அளவு கேட்டவருக்குத் துணியின் எடையைச் சொல்வது போன்றது அது. பிக்கப்பின் இண்டக்டன்ஸ் (சுருளின் மின்தூண்டல் திறன், அதன் அலகு ஹென்றி) எத்தனை ஹென்றி என்பதை ஒவ்வொரு மாடலுக்கும் அச்சிடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

உங்களுக்குத் தெரிந்த விஷயம்தான். இருந்தாலும் இந்த மடலைப் படிக்கப்போகும் கிட்டார் வாசிப்பவர்களுக்காக எழுதுகிறேன். பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றிய கம்பிச் சுருள். அந்தச் சுருளின் இண்டக்டன்ஸும், சுருளிலும் கேபிளிலும் இருக்கிற கப்பாசிட்டன்ஸும் (மின்தேக்கத் திறன்) சேர்ந்து ஓர் அதிர்வெண்ணைத் தூக்கிக் கொடுக்கின்றன. அதற்கு மேலே இருப்பதெல்லாம் வேகமாகச் சரிந்துவிடும். அந்த உச்சி எங்கே விழுகிறது, எவ்வளவு உயரம் நிற்கிறது என்பதில்தான் பிக்கப்பின் குணத்தில் பெரும்பகுதி இருக்கிறது. ஐந்து மீட்டர் கேபிளையும் சுருளையும் சேர்த்து ஏறத்தாழ 500 பிகோ ஃபாரட் என்று வைத்துக்கொள்வோம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் வகைச் சிங்கிள் காயில் (ஒற்றைச் சுருள் பிக்கப்) ஒன்று 2.5 ஹென்றி என்றால் உச்சி சுமார் 4500 ஹெர்ட்ஸில் விழும். பழைய கிப்சன் பாணி ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) 4.5 ஹென்றி என்றால் அதே கேபிளில் சுமார் 3350. 8 ஹென்றியைத் தொடும் ஹம்பக்கர்களில் 2500-க்கு இறங்கிவிடும்.

நம் காது மிகக் கூர்மையாக இருப்பது ஏறக்குறைய 2000-லிருந்து 5000 ஹெர்ட்ஸ் வரை. உச்சி 4500-லிருந்து 3500-க்கு வந்தால் குத்தல் அடங்கி நோட்டுகளுக்குச் சதைப்பிடிப்பு வரும். 2500-க்கு வந்தால் கதை வேறு. தனி நோட்டு கனமாகக் கேட்கும், ஆனால் பல கம்பிகளைச் சேர்த்தடிக்கும் கார்டு வாசித்தால் ஆறு கம்பியும் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டு மங்கிப்போகும். குத்துகிற கிட்டாரோடு வந்தவர் கேட்டது முதலாவதை. 16 கிலோ ஓமை நம்பி வாங்கியவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது இரண்டாவது. போதாக்குறைக்கு, பழைய நெக் பிக்கப்பைவிட இது வெகு சத்தமாக இருக்கும். பாட்டின் நடுவே ஸ்விட்சைத் தட்டினால் ஒலி எகிறும்.

ஓம் எதைச் சொல்கிறது? கம்பியின் நீளம், தடிமன், அன்றைக்கு இருக்கும் வெப்பம். 42 கேஜ் கம்பி 0.063 மில்லிமீட்டர், 43 கேஜ் 0.056. சுற்று எண்ணிக்கையை மாற்றாமல் மெல்லிய கம்பியில் சுற்றினால் ஓம் கால் பங்குக்கு மேல் கூடிவிடும். இண்டக்டன்ஸ் ஏறத்தாழ அப்படியே இருக்கும். பல டெலிகாஸ்டர்களில் 43 கேஜில் சுற்றிய நெக் பிக்கப்பின் ஓம் பிரிட்ஜ் பிக்கப்பைவிட அதிகம், ஹென்றி குறைவு. வெப்பம் என்றேன் அல்லவா, அதுவும் சின்ன விஷயமில்லை. செம்பின் தடை ஒரு டிகிரிக்கு 0.39 சதவீதம் ஏறும். 20 டிகிரி அறையில் 7 கிலோ ஓம் என்று நீங்கள் அளந்து அனுப்பியது, சித்திரை மாதத்து 35 டிகிரியில் என் மீட்டரில் 7.4 காட்டும். "வேற பிக்கப்பை மாத்தி அனுப்பிட்டாங்களா?" என்று பதறியவர்களுக்கு இதை விளக்கி அனுப்பியிருக்கிறேன். எந்த வெப்பத்தில் அளந்தது என்று ஒரு சொல் போட்டிருந்தால் அந்தப் பதற்றமே இருந்திருக்காது.

சரித்திரத்திலேயே இதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. கிட்டார் நிறுவனமான கிப்சனில் ஹம்பக்கரை வடிவமைத்தவர் சேத் லவர். 1955-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார், 1957-இல் அது கிட்டார்களில் ஏறியது. ஓம் 7-லிருந்து 9 கிலோவுக்குள் நிற்கும். அதே சேத் லவர் பின்னர் ஃபெண்டருக்குப் போய், 1970களின் தொடக்கத்தில் வந்த டெலிகாஸ்டர்களுக்காக வைட் ரேஞ்ச் என்ற ஹம்பக்கரை வடிவமைத்தார். அதன் ஓம் சுமார் 10 கிலோ. ஓமை நம்பினால் இரண்டாவதுதான் இருண்டு ஒலிக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. ஃபெண்டருக்கே உரிய மணியொலி அதில் வந்தது. கிப்சன் ஹம்பக்கரில் காந்தம் அடியில் படுத்திருக்கும், சுருளுக்குள் இரும்புத் திருகுகளும் கட்டைகளும் இருக்கும். வைட் ரேஞ்சில் செம்பு, நிக்கல், இரும்பு கலந்த குனிஃபே காந்தங்களையே திருகுகளாகக் கடைந்து சுருளுக்குள் இறக்கினார். சுருளுக்குள் இரும்பு குறைந்தால் இண்டக்டன்ஸும் குறையும். அப்புறம் ஃபெண்டர் அதோடு 1 மெகா ஓம் பாட்களைப் (ஒலியளவையும் டோனையும் மாற்றும் குமிழ்களின் மின்தடைகள்) போட்டது உச்சியை இன்னும் கூர்மையாக்கியது. ஒரே மனிதர், இரண்டு பிக்கப், ஓம் கூடியதுதான் பளிச்சென்று ஒலிக்கிறது. உங்கள் விவரத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு இதை யாராலும் ஊகிக்க முடியாது.

என் மேசையில் என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் கோரிக்கை அங்கிருந்துதான் வருகிறது. குத்துகிறது என்று யார் வந்தாலும் முதலில் ஸ்க்ரூட்ரைவரை எடுத்துப் பிக்கப்பைக் கம்பியிலிருந்து கொஞ்சம் இறக்குவேன். அதற்கே சிலர் திருப்தியாகிக் கிளம்பிவிடுவார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டராக இருந்தால் டோன் பாட்டைப் பார்ப்பேன். 1954-இலிருந்து வரும் மரபு வயரிங்கில் பிரிட்ஜ் பிக்கப்புக்கு டோன் கட்டுப்பாடே கிடையாது. நடு பிக்கப்புக்கான டோன் வயரை பிரிட்ஜ் பக்கம் மாற்றிவிட்டால் பாதி வழக்கு தீர்ந்தது. ஹம்பக்கருக்கென்று 500 கிலோ ஓம் பாட் போட்ட கிட்டாரில் யாராவது சிங்கிள் காயிலைக் கொண்டுவந்து வைத்திருந்தால் 250-க்கு மாற்றுவேன். உச்சியின் உயரம் குறையும்.

அதற்கும் அடங்கவில்லை என்றால் ஒரு காரியம் செய்வேன். முதலை கிளிப் இரண்டில் 330 பிகோ ஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றைப் பிடித்து, கிட்டாரின் ஜாக்கில் குறுக்கே மாட்டுவேன். சால்டர் எதுவும் வேண்டாம். ஒரு கையால் கிளிப்பைப் போட்டும் எடுத்தும் காட்டும்போது அவர் வழக்கமாக வாசிக்கும் கார்டையே அடிக்கச் சொல்வேன். 2.5 ஹென்றி சிங்கிள் காயிலில் உச்சி 4500-லிருந்து 3500-க்கு வந்து நிற்கும். முகம் மாறுவது எனக்குத் தெரியும். "ஆங், இதுதாண்ணா, இதேதான்" என்பார்கள். சிலருக்கு அதுவே போதும், அந்தக் கப்பாசிட்டரை உள்ளே வைத்து மூடிவிடுவேன். சிலருக்கு அந்த இதத்தோடு கொஞ்சம் கூடுதல் பலமும் வேண்டும். கப்பாசிட்டர் அதைத் தராது. அவர்களுக்குத்தான் உங்கள் பிக்கப் தேவை. இப்போது எங்களுக்கு என்ன வேண்டும் என்பது துல்லியமாகத் தெரியும். அதே கேபிளில் 3500-க்கு வர ஏறக்குறைய 4 ஹென்றி வேண்டும்.

உங்கள் பட்டியலைத் திறக்கிறோம். 4 ஹென்றி எங்கே இருக்கிறது? 7.2 கிலோவா, 9.8 கிலோவா, 12 கிலோவா? தெரியாது. கேட்டால் "செழுமையான மிட், பட்டு போன்ற ட்ரெபிள்" என்று பதில் வருகிறது. இந்த ஊரில் பிக்கப்பை வாசித்துப் பார்த்து வாங்கும் கடை அநேகமாக இல்லை. வெளிநாட்டிலிருந்து வருகிறது, சுங்கவரி கட்டுகிறோம், வயரை வெட்டிச் சால்டர் வைத்துவிட்டால் பெரும்பாலும் யாரும் திருப்பி எடுத்துக்கொள்வதில்லை. மேடைக்கு மேடை வாசித்துச் சேர்த்த காசு அது. பிடிக்காத பிக்கப் அலமாரிக்குப் போகிறது, அடுத்ததற்கு மறுபடியும் சேர்க்கிறார்கள்.

இது முடியாத காரியமில்லை. ஃபெண்டர் தன் மாற்று பிக்கப்கள் சிலவற்றுக்கு ஓமோடு ஹென்றியையும் குறிப்பிட்டு வந்திருக்கிறது. பிக்கப் வடிவமைப்பாளர் பில் லாரன்ஸ் பிக்கப்பை ஓமால் எடைபோடாதீர்கள் என்று பல காலம் வாதாடினார், தன் பிக்கப்களை ஹென்றி கணக்கில் விற்றார். சுயமான உச்ச அதிர்வெண்ணை அச்சிடும் நிறுவனங்களும் உங்களில் உண்டு, அதற்கு நன்றி. ஆனால் கேபிள் மாட்டாமல் அளந்த எண் அது. கேபிள் மாட்டாமல் யாரும் வாசிப்பதில்லை.

உங்கள் தரப்பில் என்ன சொல்வீர்கள் என்பதும் ஓரளவு தெரியும். ஹென்றியை வெளியிட்டால் போட்டியாளர் நகலெடுப்பார் என்பீர்கள். போட்டியாளரிடம் எல்சிஆர் மீட்டர் (இண்டக்டன்ஸை அளக்கும் கருவி) இருக்கிறது. உங்கள் பிக்கப் ஒன்றை வாங்கிய அன்றே அளந்துவிடுவார். மறைப்பதால் இருட்டில் நிற்பது வாங்குபவர் மட்டும்தான். எண்களால் ஒலியைச் சொல்லிவிட முடியாது, காதுதான் நீதிபதி என்பீர்கள். முழுக்க ஒப்புக்கொள்கிறேன். காந்தத்தின் பலம், அது கம்பியை எவ்வளவு அகலத்தில் கேட்கிறது, பித்தளை மூடியா நிக்கல் சில்வர் மூடியா, இவையெல்லாம் ஹென்றிக்குள் வராது. பித்தளை மூடி உச்சியைத் தட்டையாக்கும். ஆனால் காது தீர்ப்புச் சொல்வது காசு கொடுத்த பிறகு. அதுவரைக்கும் வழிகாட்ட ஏதோ ஓர் எண் வேண்டும் என்று நீங்களே ஒப்புக்கொண்டதால்தானே ஓமை அச்சிடுகிறீர்கள்? கையால் சுற்றும்போது ஒன்றுக்கொன்று மாறும் என்பவர்களுக்கும் சொல்கிறேன், ஓமும்தான் மாறுகிறது. 4.2 கூட்டல் கழித்தல் 0.3 என்று போடுங்கள், யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள்.

ஆகவே பெட்டியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் ஒட்டுங்கள். எத்தனை ஹென்றி, எந்த அதிர்வெண்ணில் அளந்தது (100 ஹெர்ட்ஸில் ஓர் எண் வரும், 1000-இல் கொஞ்சம் வேறு எண் வரும்). சுருளின் சொந்தக் கப்பாசிட்டன்ஸ். 500 பிகோ ஃபாரட் கேபிளும் வழக்கமான பாட்களும் மாட்டியபோது உச்சி எங்கே, எவ்வளவு உயரம். ஓமையும் விட வேண்டாம், வெப்பநிலையோடு போடுங்கள். நான்கு சுருள் வயரும் வெளியே வரும் ஹம்பக்கராக இருந்தால் சீரீஸில் ஒன்று, பேரலலில் ஒன்று என இரண்டு எண். முடிந்தால் எந்த அதிர்வெண் எவ்வளவு ஒலிக்கிறது என்று காட்டும் வரைபடம் ஒன்று. எல்லோரும் ஒரே கேபிள் கணக்கில் அளந்தால் ஒரு நிறுவனத்தின் பிக்கப்பை இன்னொன்றோடு வைத்துப் பார்க்க முடியும்.

தருவித்து விற்பவர்களிடம் ஒன்று கூடுதலாகக் கேட்கிறேன். நிறுவனம் தரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு எல்சிஆர் மீட்டரை வாங்கிக் கல்லாவுக்குப் பக்கத்தில் வையுங்கள். ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை அளந்து அட்டையில் எழுதித் தொங்கவிடுங்கள். தயாரிப்பை நிறுத்திவிட்ட பழைய மாடல்களின் எண்களையும் நிறுவனங்கள் வெளியிட வேண்டும், ஏனென்றால் இங்கே கைமாறும் பிக்கப்களில் அவையும் நிறைய. அந்த ஏடுகள் உங்கள் அலுவலக அலமாரிகளில் இருக்கும் என்று நம்புகிறேன்.

இப்படிக்கு,
கிட்டார் பழுதுபார்க்கும் ஒருவன்