'வந்திருந்தேன்' இருக்க 'ஹேட்' எதற்கு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகளுக்குப் பாடக் குறிப்புகள் போடுகிறீர்கள். பிரெஞ்சுக்கு மட்டும் விளக்கம் முழுக்க ஆங்கிலத்தில் வருகிறது. அதைத் தமிழில் போடுங்கள் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். ஈரோட்டு மஞ்சள் மண்டியில் 31 வருடம் கணக்கு எழுதியவனுக்கு பிரெஞ்சில் என்ன வேலை என்று தோன்றும். சொல்கிறேன்.

மகள் வயிற்றுப் பேத்தி பிளஸ் ஒன் படிக்கிறாள். மார்க் நிறைய வரும் என்று மாப்பிள்ளை தமிழுக்குப் பதில் பிரெஞ்சு எடுக்க வைத்துவிட்டார். எனக்கு அதில் வருத்தம் உண்டு, அது வேறு கதை. காலாண்டு லீவுக்கு வந்தவள் விடைத்தாளை என் மடியில் போட்டு, "அப்புச்சி, ரெண்டு மார்க் போச்சுங்க" என்றாள். 'நான் வந்து சேர்ந்திருந்தேன்' என்பதற்கு 'ஜாவே அரிவே' என்று எழுதியிருக்கிறாள். 'ஜேத்தே அரிவே' என்று எழுதியிருக்க வேண்டுமாம்.

நடந்த ஒன்றுக்கும் முன்னால் நடந்து முடிந்ததைச் சொல்லும் காலம் இது. பிரெஞ்சில் 'ப்ளூஸ் கெ பார்ஃபே' என்கிறார்கள். துணைக்கு ஒரு வினை வேண்டும். பெரும்பாலும் 'அவ்வார்' (உடையதாக இருப்பது), சிலவற்றுக்கு மட்டும் 'எத்ர்' (இருப்பது). பேத்தி எழுதிய 'ஜாவே'யில் இருப்பது 'அவ்வார்', வர வேண்டிய 'ஜேத்தே'யில் இருப்பது 'எத்ர்'. அதை இறந்தகாலத்தில் திருப்பி, பின்னால் முடிந்த வினையை ஒட்டினால் தீர்ந்தது. பேசுவது 'பார்லே', முடிப்பது 'ஃபினி', விற்பது 'வான்த்யூ' என்று ஒழுங்கான வினைகள் மூன்று சாதியாகப் பிரிந்து கிடக்கின்றன.

ஆங்கிலத்தில் இது அத்தனைக்கும் ஒரே 'ஹேட்'. பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு போய்த்தான் பள்ளத்தில் விழுந்தது. 'எத்ர்' வாங்கும் வினைகளை நினைவில் வைக்க 'டாக்டர் மிஸஸ் வான்டர்டிராம்ப்' என்று எழுத்துக்கு ஒரு வினையாக ஒரு பேரை உருப்போட்டு வைத்திருக்கிறாள். "யாரம்மிணி இந்த டாக்டரம்மா?" என்று கேட்டேன். அவளுக்கும் தெரியவில்லை.

அப்புறம் திண்ணையில் உட்கார்ந்து அவள் நோட்டைப் புரட்டினேன். பார்த்தால் நம்ம வீட்டுச் சரக்கு! பேசி, இருந்தேன். வந்து, இருந்தேன். வினையெச்சத்தின் பின்னால் 'இரு' வந்து உட்கார்வதும் இதே வேலைதானே? மண்டியில் தினமும் சொன்ன பேச்சு: 'நான் போய்ச் சேர்ந்தபோது மஞ்சளை விற்றிருந்தார்கள்.' அந்த 'விற்றிருந்தார்கள்'தான் 'இல்ஸ் அவே வான்த்யூ'. 'நீ முன்னாடியே சொல்லியிருந்தா நான் வந்திருப்பேன்' என்று நாம் சலித்துக்கொள்கிறோமே, அந்த 'சொல்லியிருந்தா' வரும் இடத்திலும் பிரெஞ்சுக்காரன் இதே காலத்தைத்தான் போடுகிறான்.

ஆனால் ஒன்று. தமிழில் 'உடையவன் நான்' என்று சொல்லத் தனியாக அன்றாட வினை கிடையாது. 'என்கிட்ட வண்டி இருக்கு' என்போம். பிரெஞ்சில் அதற்கு 'அவ்வார்', இருப்பதற்கு 'எத்ர்'. நம்முடைய ஒரே 'இரு' அங்கே இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. அதனால் தமிழை நம்பிப் போனால் 'வந்திருந்தேன்' சரியாக விழும், 'பேசியிருந்தேன்' தப்பாக விழும். ஆங்கிலத்தை நம்பினால் தலைகீழ். இதைச் சொன்னதும், "அப்போ போறது, வர்றது, பொறக்கறது, சாவறது, உளுகறதுக்கெல்லாம் 'இரு'ங்களா அப்புச்சி?" என்று கேட்டாள். ஆமாம், அந்த வகைதான். டாக்டரம்மா தேவையே படவில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். நான், நீ, அவன், அவர்கள் நான்கு பேருக்கும் துணைவினை காதில் 'அவே' என்றுதான் விழுகிறது. எழுதும்போதுதான் கடைசியில் நானுக்கும் நீக்கும் ஏ-ஐ-எஸ், அவனுக்கு ஏ-ஐ-டி, கூட்டத்துக்கு ஏ-ஐ-ஈ-என்-டி. நாம் 'பேசியிருந்தேன்' என்றாலே பேசியது யாரென்று தெரிந்துவிடும், 'நான்' தேவையில்லை. அவர்களுக்கு அந்த வசதி இல்லை, முன்னால் ஆளைச் சொல்லியே ஆகவேண்டும். 'நூஸ் அவியோன் பார்லே' என்றால் நாம் பேசியிருந்தோமா, நாங்கள் பேசியிருந்தோமா என்பதும் தெரியாது. மரியாதைக்கும், பல பேரைச் சேர்த்துச் சொல்லவும் 'வூஸ் அவியே பார்லே' என்று தனியாக வைத்திருக்கிறார்கள். நம்ம ஊர் 'பேசியிருந்தீங்க' மாதிரி. 'ங்க' இல்லாமல் நமக்கு வாய் வராதே, அது அவளுக்குச் சட்டென்று பிடித்துவிட்டது.

எல்லாம் புரிந்து, தப்பைத் திருத்தி எழுதிக் காட்டினாள். அதிலும் ஒரு எழுத்து குறைகிறது. 'எத்ர்' வந்தால் பெண்ணுக்குக் கடைசியில் இன்னொரு 'ஈ' சேர்க்கவேண்டும், இந்த வினையில் அது காதில் விழாது. நாம் 'வந்திருந்தாள்' என்று துணைவினையில் காட்டுவதை அவர்கள் பிரதான வினையில் காட்டுகிறார்கள். "நீ பொம்பளைப் புள்ளைதானே அம்மிணி?" என்றதும் நாக்கைக் கடித்துக்கொண்டு சேர்த்தாள்.

எனக்கு பிரெஞ்சு பேச வராது. பத்து நாள் நோட்டைப் பார்த்ததில் தெரிந்தது இவ்வளவுதான். தமிழும் பிரெஞ்சும் தெரிந்த ஆசிரியர்கள் நாட்டில் உண்டு, 1954 வரை பிரெஞ்சு ஆட்சி நடந்த புதுச்சேரி பக்கத்திலேயே இருக்கிறது. அவர்களில் ஒருவரை எழுதச் சொல்லுங்கள். அரையாண்டுப் பரீட்சை டிசம்பரில் வருகிறது, அதற்கு முன்னால் வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற மண்டிக் கணக்கர்,
கவுந்தப்பாடி.