திரைப்பட வட்டத்தின் 2024 ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், போஷகர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், மழையையும் பாராமல் தோட்டங்களிலிருந்து அட்டன் நகருக்கு வந்து சேர்ந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

சென்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்தின் தீர்மானப்படி, 2024 ஆம் ஆண்டு முழுவதும் நமது வட்டம் ஒரே இயக்குநரின் படங்களை எடுத்துக்கொண்டது. படங்களைப் பார்ப்பதோடு நில்லாமல், அவற்றைச் சுற்றி நாட்டிலும் நாட்டுக்கு வெளியிலும் எழுந்த சர்ச்சைகளையும் ஆராய்வது என்று முடிவாகியிருந்தது. தெரிவு செய்யப்பட்டவர் சிங்களத் திரைப்பட இயக்குநர் பிரசன்ன விதானகே. 1962 இல் பாணந்துறையில் பிறந்து, 1992 இல் முதற்படத்தை இயக்கிய இவருடைய படமொன்று கொழும்பில் அரசால் தடுக்கப்பட்டது. இன்னொன்று சென்னையில் தமிழ் அமைப்புகளின் எதிர்ப்பால் தடுக்கப்பட்டது. ஒரே கலைஞர் இரு கரையிலும், ஒன்றுக்கொன்று நேர்மாறான காரணங்களுக்காக எதிர்க்கப்பட்டதை நாம் விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதே தெரிவுக்கான காரணம். இவருடைய இரண்டு படங்கள் நமது மலைநாட்டில் நிகழும் கதைகள் என்பது மற்றுமொரு காரணம்.

முதலில் திரையிடப்பட்டது 1997 இல் எடுக்கப்பட்ட ‘புரஹந்த களுவர’. வறண்ட வலயத்துக் கிராமமொன்றில் வாழும் பார்வையற்ற முதியவர் வன்னிஹாமி, போருக்குச் சென்ற தம் மகன் இறந்துவிட்டான் என்பதை ஏற்க மறுக்கிறார். முத்திரையிடப்பட்ட சவப்பெட்டி வீட்டுக்கு வந்து, அடக்கமும் முடிந்த பின்னரும், இழப்பீட்டுப் படிவத்தில் ஒப்பமிட அவர் இணங்குவதில்லை. இறுதியில் அந்தப் பெட்டியைத் தோண்டியெடுத்துத் திறந்தால் உள்ளே இருப்பவை வாழைத்தண்டும் கற்களும். ஜோ அபேவிக்ரம இந்த வேடத்துக்காக 1999 இல் சிங்கப்பூர்த் திரைப்பட விழாவில் சிறந்த நடிகருக்கான விருதைப் பெற்றார்.

இந்தப் படம் 2000 ஆம் ஆண்டில், ஆனையிறவு முகாம் வீழ்ந்து சில மாதங்களே ஆகியிருந்த வேளையில், போர்ச் சூழலைக் காரணம் காட்டி அரசினால் தடுத்து நிறுத்தப்பட்டது. இயக்குநர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மீறல் மனுவைத் தாக்கல் செய்தார். 2001 இல் தீர்ப்பு அவருக்குச் சார்பாக அமைந்து படம் திரைக்கு வந்தது. தடையைப் பற்றிய உரையாடலில், சட்டம் பயிலும் நமது இளம் உறுப்பினர் ஒருவர் பேச்சு, கருத்துச் சுதந்திரத்தை உறுதிசெய்யும் அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்புரையையும், 1912 ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இன்றளவும் இயங்கிவரும் தணிக்கை முறையையும் பொறுமையாக விளக்கினார். படத்தில் போர்க்களமோ துப்பாக்கிச் சூடோ காட்டப்படவில்லை, எந்தப் படைவீரனும் இழிவுபடுத்தப்படவில்லை. பிறகு எதற்காக அஞ்சினார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமை தகப்பனுக்கு உண்டு என்று படம் சொல்வதற்குத்தான் அஞ்சினார்கள் என்று, ஓய்வுபெற்ற ஆசிரியரான நமது போஷகர் விடையளித்தார். அதைவிடத் தெளிவாக அந்தத் தடையை விளக்கும் வாக்கியத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை.

இந்தத் திரையிடலுக்காக நாம் முதலில் கேட்டிருந்த மண்டபம், ஒரு காலத்தில் தடை செய்யப்பட்ட படம் என்ற ஒரே காரணத்துக்காக, கடைசி வாரத்தில் மறுக்கப்பட்டதையும் இங்கே பதிவு செய்ய வேண்டும். உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து 23 ஆண்டுகள் கடந்துவிட்டன என்பதை எழுத்து மூலம் தெரிவித்தும் பயனில்லை. நீதிமன்றம் நீக்கிய தடை மனங்களிலிருந்து நீங்குவதற்கு எத்தனை காலம் எடுக்கும் என்பதை நான் நேரில் அறிந்தது அப்போதுதான். உறுப்பினர் ஒருவர் தம் தையற்கடையின் மேல் மாடியை ஒதுக்கித் தந்தார். இயந்திரங்களைச் சுவரோரமாகத் தள்ளிவைத்து, வெள்ளைத் துணியொன்றைத் திரையாகக் கட்டி, அன்றைய நிகழ்வை நடத்தி முடித்தோம்.

2003 இல் வெளிவந்த ‘இர மெதியம’ இரண்டாவதாகத் திரையிடப்பட்டது. 1990 இல் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டதை ஒரு சிறுவனின் வழியாகச் சொல்லும் பகுதி அதில் இருக்கிறது. மின்சாரம் இரு தடவை துண்டிக்கப்பட்டு, பொகவந்தலாவைக்கும் மஸ்கெலியாவுக்குமான கடைசி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர்கள் இடையிலேயே எழுந்து செல்ல நேர்ந்ததால், உரையாடல் முறையாக நடைபெறவில்லை. அதற்காக வருந்துகிறேன்.

ஆண்டின் நடுப்பகுதியில் திரையிடப்பட்ட ‘ஒப நெதுவ ஒப எக்க’ பற்றி விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. தஸ்தாயெவ்ஸ்கி 1876 இல் எழுதிய குறுநாவல் ஒன்றைத் தழுவி 2012 இல் எடுக்கப்பட்ட படம் இது. போரில் உறவுகளை இழந்து, வடக்கிலிருந்து மலைநாட்டுக்கு அனுப்பப்பட்ட செல்வி என்ற பெண், தன் நகைகளை அடகு வைக்க வந்து போகும் கடையின் உரிமையாளரான சரத்சிறியை மணக்கிறாள். அவன் முன்னாள் படைவீரன் என்பது பின்னரே அவளுக்குத் தெரியவருகிறது. செல்வியாக நடித்த அஞ்சலி பாட்டீலுக்கு 2012 கோவா சர்வதேசத் திரைப்பட விழாவில் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது.

2014 ஜூன் மாதம் சென்னையில் வெளியாகவிருந்த இப்படம், எதிர்ப்பும் மிரட்டலும் வந்ததைத் தொடர்ந்து திரையரங்கிலிருந்து விலக்கிக்கொள்ளப்பட்டது. பின்னர் தனித் திரையிடல் ஒன்று நடந்தபோது, இயக்குநரே வந்திருந்து கடுமையான கேள்விகளை எதிர்கொண்டார். அதே ஆண்டின் முற்பகுதியில் இலங்கைப் போரைப் பற்றிய சந்தோஷ் சிவனின் ‘இனம்’ படம் வெளியான சில நாள்களிலேயே தமிழ்நாட்டுத் திரையரங்குகளிலிருந்து எடுக்கப்பட்டிருந்தது. 2013 இல் சென்னையில் நடந்த ஐபிஎல் ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் ஆட முடியாதிருந்தது. முள்ளிவாய்க்கால் நடந்து 5 ஆண்டுகளே ஆகியிருந்த அந்த நாள்களில் தமிழ்நாட்டில் பொங்கியது பொய்யான கோபம் என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆயினும் ஒன்றை மறைக்காமல் எழுதுவது என் கடமை. அன்று செய்தித்தாளில் வந்த தலைப்பை மட்டும் படித்துவிட்டு, நமது நகரில் நடந்த இலக்கியக் கூட்டமொன்றில், இந்தப் படத்தைக் கண்டித்துப் பேசியவர்களில் நானும் ஒருவன். படத்தைப் பார்க்காமலே பேசினேன். பத்து ஆண்டுகளுக்குப் பின், நம்முடைய திரையிடலில்தான் முதன்முறையாக அதைப் பார்த்தேன்.

பார்த்த பின்பும் எதிர்ப்பு எழத்தான் செய்தது. அதைத்தான் நமது வட்டத்தின் இவ்வாண்டுப் பேறாக நான் மதிக்கிறேன். வடக்கிலிருந்து இங்கே மணமுடித்து வந்த உறுப்பினர் ஒருவர், படம் முடிவதற்கு முன்பே எழுந்து வெளியே போய், வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். விளக்குகள் போடப்பட்ட பின் உள்ளே வந்து, இழந்தவளின் துயரத்தைவிட, இழப்புக்குக் காரணமான தரப்பில் நின்றவனின் குற்றவுணர்வுக்கே கமரா கூடுதல் நேரம் கொடுக்கிறது என்றார். மூலக்கதையே கணவன் சொல்லும் கதைதானே என்று சிலர் எடுத்துக்காட்டினார்கள். அப்படியானால் அவள் சொல்லும் கதையை யார் எடுப்பார்கள் என்று அவர் கேட்டார். அந்தக் கேள்வி கூட்டறிக்கைப் புத்தகத்தில் அவருடைய சொற்களிலேயே எழுதப்பட்டிருக்கிறது. சென்னையில் படத்தைத் தடுத்தவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்கவே இடமில்லாமல் செய்துவிட்டார்கள் என்பது என் துணிபு.

அன்று மாலை பேச்சு வேறொரு பக்கமும் திரும்பியது. டிக்கோயாவிலிருந்து வந்திருந்த, 30 ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழுந்து பறித்து ஓய்வு பெற்ற அம்மா ஒருவர், அதுவரை வாய் திறக்காமல் இருந்தவர், “நீங்க எல்லாரும் ஆமிக்காரனையும் அந்தப் புள்ளையையும் பத்தியே பேசுறீங்க, அந்த அடகுக் கடைய பத்தி யாருமே பேசலியே” என்றார். பிறகு, மகள் உயர்தரம் படித்த காலத்தில் தம் தோட்டை அடகு வைக்கப் போன கதையைச் சொன்னார். தோட்டைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, தெரிந்தவர் எவரும் பார்த்துவிடக் கூடாது என்று, கடைக்கு எதிரே பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் போல வெகுநேரம் நின்றாராம். உள்ளே போனதும் கடைக்காரர் அவர் முகத்தை நிமிர்ந்தும் பார்க்காமல், தோட்டை உரைகல்லில் தேய்த்து, தராசில் இட்டு, ஒரு தொகையைச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அந்த அம்மா தம் காது மடலைத் தொட்டுக்கொண்டே இருந்தார். தோடு மீட்கப்படவில்லை. தீபாவளிக்கு முன்னும் பாடசாலை தொடங்கும் தை மாதத்திலும் நமது நகரத்து அடகுக் கடைகளில் நிற்கும் கூட்டத்தை அறியாதவர் இந்தச் சபையில் இல்லை. படத்தைப் பற்றி வந்த விமர்சனங்களில் நான் தேடிப் படித்தவை, கண்டித்தவையும் சரி, பாராட்டியவையும் சரி, மலைநாட்டைப் பனியும் பச்சையுமாகவே கண்டன. இந்த மண்ணில் அந்தக் கடை யாரால் பிழைக்கிறது என்று அவற்றில் ஒன்றும் கேட்கவில்லை.

இதனோடு சேர்த்து நினைக்க வேண்டிய ஒன்று, கண்டியில் பிறந்த மலையகத் தமிழரான கிரிக்கெட் வீரர் முத்தையா முரளிதரனின் வாழ்க்கைப் படத்தைப் பற்றிய சர்ச்சை. 2020 இல் தமிழ்நாட்டில் எதிர்ப்பு வலுத்தபோது, முரளிதரனே கேட்டுக்கொண்டதன்பேரில் நடிகர் விஜய் சேதுபதி அதிலிருந்து விலகினார். வேறொரு நடிகருடன் ‘800’ என்ற அந்தப் படம் 2023 இல் வெளியானது. முரளிதரனின் அரசியல் நிலைப்பாடுகள் பற்றி நமது உறுப்பினர்களிடையே கடும் கருத்து வேறுபாடு உண்டு; எனக்கும் உண்டு. ஆனால் மலையகத் தமிழரின் வரலாறு என்று ஒன்று தனியே இருக்கிறது, அது வேறொருவரின் வழக்குக்குச் சாட்சியாக மட்டும் அழைக்கப்படக் கூடாது என்பதில் சபை ஒருமித்தே இருந்தது.

இறுதியாக, 2023 இல் பூசான் விழாவில் கிம் ஜிசோக் விருதைப் பெற்ற ‘பாரடைஸ்’ திரையிடப்பட்டது. 2022 பொருளாதார நெருக்கடியின் நடுவில், இராமாயணத் தலங்களைப் பார்க்க வரும் கேரளத்துத் தம்பதியரின் பொருள்கள் திருட்டுப் போகின்றன. கணவன் கொடுக்கும் அழுத்தத்தால் பொலிசார் தோட்டத்துத் தமிழ் இளைஞர்களைப் பிடித்து அடிக்கிறார்கள். அதன் விளைவு ஓர் உயிரிழப்பு வரை போகிறது. எரிபொருள் வரிசையில் இரவெல்லாம் நின்றவர்கள் நிறைந்த சபையில் இந்தப் படத்துக்கு முன்னுரை தேவைப்படவில்லை. இந்தப் படத்துக்கு நாட்டில் பெரும் எதிர்ப்பு எழவில்லை. நமது வட்டத்துக்குள் எழுந்தது. மூன்று இளம் உறுப்பினர்கள், தோட்டத்து மக்களை அடிவாங்குபவர்களாக மட்டுமே இன்னும் எத்தனை காலம் திரையில் பார்ப்பது என்று எழுத்தில் கொடுத்தார்கள். படத்தின் குற்றச்சாட்டு பொலிசார் மீது மட்டுமல்ல, சீதா எலிய சீதை கோவிலில் கும்பிட்டுவிட்டு, தோட்டத் தொழிலாளர் வாழும் லயத்தைத் திரும்பியும் பாராமல் போகும் பயணியின் மீதும்தான் என்று மற்றவர்கள் வாதித்தார்கள். எனக்கு இரண்டாவது தரப்பே சரியெனப்படுகிறது. ஆயினும் அந்த மூவரின் கடிதத்தில் இருந்த மனவேதனையை நான் மதிக்கிறேன். அது முழுமையாக இந்த அறிக்கையுடன் இணைக்கப்பட்டிருக்கிறது.

சிங்கள உரையாடல்களைப் புரிந்துகொள்ள முடியாமல் பல உறுப்பினர்கள் சிரமப்பட்டார்கள். இருமொழியும் அறிந்த உறுப்பினர்கள் இருவர், ஒவ்வொரு படத்துக்கும் காட்சிவாரியாகத் தமிழில் குறிப்பெழுதிப் பிரதியெடுத்துத் தந்தார்கள். அந்த உழைப்புக்கு வட்டம் என்றும் கடன்பட்டிருக்கிறது. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாகச் சமர்ப்பிப்பார்.

அடுத்த ஆண்டுக்கு நிர்வாகக் குழு இரண்டு முன்மொழிவுகளைச் சபை முன் வைக்கிறது. இந்த நான்கு படங்களையும் பற்றி உறுப்பினர்கள் எழுதிய குறிப்புகளைத் தொகுத்து, எதிர்ப்புக் கடிதங்களையும் விடாமல், சிறு கைநூலாக அச்சிடுவது ஒன்று. ‘ஒப நெதுவ ஒப எக்க’ படத்தை உரிய அனுமதி பெற்று டிக்கோயாவில், லயத்துப் பிள்ளைகள் காப்பகத்தின் முன்றலில், ஞாயிறு மாலையொன்றில் மீண்டும் திரையிடுவது மற்றொன்று. இரண்டாவது முன்மொழிவைக் கொண்டுவந்தவர், தோட்டை மீட்க முடியாமற்போன அந்த அம்மா. அன்றைய உரையாடலைத் தாமே தொடக்கி வைப்பதாகவும் அவர் கூறியிருக்கிறார். இவ்விரண்டையும் ஏற்றுக்கொள்ளுமாறு சபையை வேண்டி, இந்த அறிக்கையைச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்
அட்டன்