ரொக்க விலையும் தவணை விலையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிற்றுக்கிழமை வணிகப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். கடன் வாங்கப் பயப்படுவதால்தான் நம் ஊர்ச் சிறு வியாபாரிகள் இருந்த இடத்திலேயே இருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார் கட்டுரையாளர். சாத்தூரில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் குடும்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்து, அந்தக் கடைக்குக் கணக்கு எழுதுகிறவள் நான். 1971இல் கடை போட்ட என் மாமனார் கடைசி வரை தொழிலுக்குக் கடன் வாங்கியதில்லை. அது பயம் இல்லை. அவருக்குக் கணக்குத் தெரியும்.

நாங்கள் சரக்கு எடுக்கும் விருதுநகர் மொத்தக் கடையில் துவரம் பருப்புக்கும் உளுந்துக்கும் இரண்டு விலை உண்டு. ஒரு மாதத் தவணைக்கு ஒரு விலை. ரொக்கமாகக் கொடுத்தால் நூற்றுக்கு இரண்டு ரூபாய் குறைவு. இரண்டு ரூபாய்தானே என்று தோன்றும். ஒரு லட்ச ரூபாய்ச் சரக்கு மாதத்துக்கு ஒரு தடவை விற்றுத் தீர்ந்து, மறுபடி வாங்குகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருடத்துக்கு 24,000 ரூபாய் மிச்சம். அதே ஒரு லட்சத்தை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டால் ஏழாயிரம் வந்தாலே பெரிது. சீனியிலும் எண்ணெயிலும் விற்று வரும் லாபம் என்னவென்று பலசரக்குக் கடைக்காரர்களுக்குத் தெரியும். எதிர்த்த கடைக்காரர் ஒரு ரூபாய் குறைத்தால் நாமும் குறைத்தாக வேண்டும். வாங்குகிற இடத்தில் மிச்சம் பிடித்தால்தான் உண்டு.

மிளகாய் வத்தல் விஷயம் இன்னும் தெளிவு. மாசி, பங்குனியில் புது வத்தல் வரத்து கூடும்போது விலை இறங்கும். கையில் காசு இருப்பவர் அன்றைக்கு மூட்டையைப் பிரித்துப் பார்த்து, காம்பு, நிறம், ஈரம் எல்லாம் சோதித்து இறக்கிக்கொள்வார். பழைய பாக்கி வைத்திருப்பவர் மொத்தக் கடைக்காரர் ஏற்றிவிட்டதை எடுத்துக்கொண்டு வருவார். ஈரமாக இருக்கிறதே என்று கேட்க வாய் வராது. கடனுக்கு வட்டி மட்டும்தான் செலவு என்று எழுதுகிறவர்கள் இதைச் சேர்ப்பதில்லை.

ரொக்கம் கொடுத்துச் சரக்கு எடுக்க முதலீடு எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். நிதானமாகத்தான் வந்தது. வீட்டுக்குத் தேங்காய் எடுத்தாலும் சிட்டையில் எழுத வேண்டும் என்பது மாமனார் வைத்த சட்டம். வந்த புதிதில் எனக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது, கோபமும் வந்தது. மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தால்தான் கடை தின்றது எவ்வளவு, வீடு தின்றது எவ்வளவு என்று தெரியும். கல்லாவில் உட்காருகிற எல்லோருக்கும் சம்பளம் உண்டு, கணக்கு எழுதும் எனக்கும் சேர்த்து. அதற்கு மேல் கல்லாவில் யாரும் கை வைக்கக் கூடாது. இதோடு ஏலச்சீட்டு. மாமனார் ஏலத்தில் தள்ளுபடி கொடுத்து முன்கூட்டியே எடுக்காமல், கடைசி வரை கட்டி, முழுச்சீட்டாக எடுப்பார். வாடகைக்கு இருந்த கடைக் கட்டடத்தை 1994இல் வாங்கியது அப்படிச் சேர்ந்த பணத்தில்தான்.

கடன் கொடுப்பதிலும் ஒரு அளவு இருந்தது. தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்களுக்கு வாரச் சம்பளம். சனிக்கிழமை வாங்கியதும் நேராகக் கடைக்கு வந்து பற்றைத் தீர்ப்பார்கள். ஒரு சனிக்கிழமை தவறினால் பரவாயில்லை. இரண்டு தவறினால் மாமனாரே அவர்கள் வீட்டுக்குப் போய் என்ன கஷ்டம் என்று விசாரிப்பார். சாமான் கொடுப்பார், ஆனால் அளந்து கொடுப்பார். மாதச் சம்பள உத்தியோகஸ்தர்களிடம்தான் பாக்கி அதிகம் நின்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கடை வாசலில் காய்கறி வண்டி போடும் பெண்கள் தண்டல் வாங்குகிறார்கள். பத்தாயிரம் என்று பெயர். கையில் தருவது 8,500. தினமும் நூறு ரூபாய் வீதம் நூறு நாள் கட்ட வேண்டும். ஆயிரத்து ஐந்நூறுதானே வட்டி என்று அவர்கள் நினைக்கிறார்கள். நாளுக்கு நாள் அசல் குறைந்துகொண்டே வருவதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், வருடத்துக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 120 ரூபாய் வட்டி. கந்துவட்டித் தடைச் சட்டம் 2003இலேயே வந்துவிட்டது, தண்டல்காரர் இன்றும் சாயங்காலம் ஆனால் வந்துவிடுகிறார். அந்தப் பெண்களிடம் போய், கடனே வாங்காதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அவர்களுக்கு, சிறு தொழில் செய்வோருக்காக மத்திய அரசுத் திட்டமாக 2015இல் வந்த முத்ரா கடன் எவ்வளவோ மேல். அதில் 50,000 வரையிலான சிசு என்ற பிரிவே போதும். தொழிலுக்கு இயந்திரம் தேவைப்படுகிறவர்கள் கதையும் வேறு. சிவகாசியில் ஆப்செட் அச்சகம் போடுகிறவர் ஏலச்சீட்டை நம்பி இருக்க முடியாது. எங்கள் தெருவிலேயே வங்கிக் கடனில் கடையைப் பெரிதாக்கி, குளிர்சாதன வசதியோடு நன்றாக நடத்துகிறவரும் இருக்கிறார். எங்கள் கடை இன்னும் அதே அகலம்தான்.

எங்கள் பக்கத்து வியாபாரிகள் வங்கிக்கு விரோதிகளும் இல்லை. 1921இல் தூத்துக்குடியில் வங்கியே தொடங்கியவர்கள். இன்று அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. அதற்கும் முன்பே விருதுநகரில் வியாபாரத்தில் பொதுக் காரியத்துக்கென்று மகமை ஒதுக்கியும், வீடு வீடாக ஆளுக்கொரு பிடி அரிசி வாங்கியும் நடத்திய சத்திரிய வித்யாசாலாவில்தான் காமராஜர் படித்தார். அந்தப் பள்ளிக்கூடம் தொடங்கியது 1889இல். சேர்த்து வைக்கிற பழக்கம் இங்கே வங்கியைவிட மூத்தது.

கட்டுரையாளர் தொடாத விஷயம் ஒன்று உண்டு. தலைமுறைச் சொத்து என்று பேசுகிறோம், ஆனால் அது உடைகிற இடம் பாகப்பிரிவினை. மாமனார் 2009இல் தவறிப்போனார், உயில் எழுதவில்லை. அவர் சுயமாகச் சம்பாதித்த சொத்து; 1956ஆம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படியே மனைவிக்கும் மகன்களுக்கும் மகளுக்கும் சம பங்கு. எங்கள் ஊரில் நடப்பது என்ன? கடைமேல் கடன் இருக்கிறது, நீ பங்கு கேட்டால் கடனிலும் பங்கு எடுக்க வேண்டும் என்று சொல்லியே பெண்பிள்ளைகளிடம், பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். எங்கள் வீட்டில் அந்தச் சாக்குக்கு இடமில்லை. பேரேட்டைத் திறந்தால் சரக்கு இவ்வளவு, வெளிப்பாக்கி இவ்வளவு, கட்டடம் இவ்வளவு. தர வேண்டியது எதுவுமில்லை. கட்டடம் நாலு பேர் பேரிலும் இருக்கிறது. கடையை நடத்தும் என் கணவர் மற்ற மூவருக்கும் மாதா மாதம் வாடகைப் பங்கு கொடுக்கிறார். சென்னையில் இருக்கும் கொழுந்தனார் வாடகையை உயர்த்தச் சொல்லி அவ்வப்போது முறைத்துக்கொள்வார், அது தனிக் கதை. மாமனாரின் மகளான மதனிக்கு அவர் பங்கு தவறாமல் போகிறது. ஒரு சின்னக் கடையிலிருந்து ஒரு பெண்ணின் வங்கிக் கணக்குக்கு மாதா மாதம் பணம் போவதை, கடை அகலமாவதைவிடப் பெரிய வளர்ச்சியாக நான் எண்ணுகிறேன்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் கட்டுரைக்குக் கீழேயே, ஐந்து நிமிடத்தில் கடன் தருவதாக ஒரு செயலியின் விளம்பரம் கால் பக்கத்துக்கு இருந்தது. விளம்பரம் இல்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது வியாபாரக் குடும்பத்துக்காரிக்குத் தெரியாதா? ஆனால் தொகையைப் போட்ட அதே எழுத்தளவில் வருட வட்டி எவ்வளவு என்பதையும் போடச் சொல்லுங்கள். போட மறுத்தால், அந்த இடத்தில் விருதுநகர் மார்க்கெட் நிலவரத்தைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள். கண்ணாடி போட்டும் வத்தல் விலை படிக்க முடியவில்லை.

இப்படிக்கு,
ஒரு பலசரக்குக் கடைக்காரி,
சாத்தூர், விருதுநகர் மாவட்டம்.
(பெயர் வெளியிட வேண்டாம்)